மலையில் தீ, விடியலில் புகை

மாசி பிறந்து வெயில் உறைக்கத் தொடங்கிவிட்டால், நாகர்கோவிலில் மாடிவீடுகளில் குடியிருப்போர் இரவு உணவுக்குப் பின் காற்று வாங்க மேலே வந்து வடகிழக்கு நோக்கி நிற்கையில், ஆரல்வாய்மொழிக்கும் பூதப்பாண்டிக்கும் மேலாகக் கறுத்து நிற்கும் மலைச்சரிவிலே செந்நிறமான கோடொன்று வளைந்தும் அறுந்தும் மெல்ல ஊர்ந்து போவதைச் சில ஆண்டுகளில் காண்கிறார்கள். அது காட்டுத்தீயின் முகம். மறுநாட் பகலில் அந்தக் கோடு வெயிலில் மறைந்துவிட, அது இருந்த இடத்திலிருந்து புகை நிமிர்ந்தெழுந்து உயரத்தில் பரவி நிற்கிறது. ஆனால் கண்ணுக்கு அத்தனை தெளிவாகத் தெரிகிற அந்தப் புகையின் வாடைகூட ஊருக்குள் வருவதில்லை. பிறகு, தீ தணிந்துவிட்டது போலிருக்கிறது, இனிக் கவலையில்லை என்று படுத்த இரவின் கடைசியில், விடியற்காலை ஐந்து மணிக்குத் தொண்டை கமறி எழுந்து, இந்நேரத்தில் சவறு கொளுத்துகிறவன் எவன் என்று அண்டைவீட்டு மதிலை எட்டிப் பார்க்கிறோம். அங்கே யாரும் எதையும் கொளுத்தவில்லை. கண்ணுக்குத் தெரிந்தபோது வராத புகை, தெரியாதபோது வந்து சேர்ந்த இந்த விநோதத்துக்குக் காரணம் என்ன?

புகையிலிருந்து தீயை அறிவது நம் நாட்டுச் சிந்தனையாளர்களுக்கு மிகப் பழைய விஷயம். எதிரே தெரியும் மலையில் புகை காணப்படுவதால், அடுக்களையில் கண்டது போலவே அங்கும் தீ இருக்க வேண்டும் என்பது, அனுமானப் பிரமாணத்துக்குத் தருக்க நூலோரான நையாயிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டிவந்த உதாரணம். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் தருக்க நெறியை விளக்கும்போது எடுத்துக்கொள்வதும் இதே மலையையும் இதே புகையையும்தான். நையாயிகர்கள் இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்தே சொன்னார்கள். புகை கண்டு தீயை அனுமானிக்கலாமே தவிர, தீ கண்டு புகையை அனுமானிக்கலாகாது. கொல்லன் உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பில் தீ உண்டு, புகை இல்லை. இனி, மூடுபனியையோ புழுதியையோ புகையென்று மயங்கிவிட்டால், அதன்மேல் கட்டிய அனுமானம் முழுவதும் சரிந்துவிடும். இவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தவர்கள், அந்த மலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அதன் புகை எந்நேரத்தில் எவ்வழியாக நம் வீட்டுக்கு வரும், வந்தால் மூச்சை என்ன செய்யும் என்ற கேள்விகளுக்குள் போகவில்லை. அடுக்களைப் புகையே அவர்கள் கண்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம்.

முதலில் புகை எதனாலானது என்று பார்ப்போம். விறகு எரிகிறது என்று சொல்லுகிறோமே, உண்மையில் விறகு நேராக எரிவதில்லை. முந்நூறு பாகை செல்சியஸை நெருங்கும் சூட்டில் மரத்தின் பதார்த்தம் உடைந்து ஆவிகளாக வெளியேறுகிறது. இதை வெப்பச் சிதைவு என்பர். அந்த ஆவிகள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிப் பற்றுவதுதான் நாம் காணும் சுவாலை. சுவாலை வலுவாக இருக்கும்போது ஆவிகளின் பெரும்பகுதி எரிந்து கரியமில வாயுவும் நீராவியுமாகப் போய்விடும். சூடோ காற்றோ போதாமற் போனால், எரியாத ஆவிகள் வெளியே வந்து குளிர்ந்து, கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாத தார்த்துளிகளாக உறைகின்றன. அவற்றோடு கரித்தூளும் சாம்பற் பொடியும் கார்பன் மோனாக்சைடு முதலான வாயுக்களும் சேர்ந்ததே புகை. ஆகவே சுவாலையில்லாமல் உள்ளுக்குள் கனன்றெரியும் கட்டை, அதே எடையுள்ள கட்டை கொழுந்துவிட்டு எரியும்போது கக்குவதைவிட அதிகமான நுண்துகளையும் நச்சு வாயுவையும் கக்குகிறது.

நம் மலைகளில் கோடையில் பற்றுவது பெரும்பாலும் காய்ந்த புல்லும் சருகும். மூங்கிலோடு மூங்கில் உராய்ந்து காடு தானாகவே பற்றிக்கொள்ளும் என்பது கவிகளுக்கு உகந்த செய்தி. இந்தியாவில் காட்டுத்தீக்களில் மிகப் பெரும்பாலானவை மனிதர் கையிலிருந்து தொடங்குபவை என்பதே வனத்தை அளந்து ஆராய்வோரின் முடிவு. வனத்துறையின் தீத்தடுப்புக் காவலர்கள் செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தீயின் முன்னே சருகைக் கூட்டி ஒதுக்கி மண் தெரிய ஒரு பாதை வகுத்துவிட்டு, பச்சைக் குழையை ஒடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, ஓங்கி அடிக்காமல் (ஓங்கினால் பொறி பறக்கும்) அமுக்கி அமுக்கிச் சுவாலையைக் கொல்லுகிறார்கள். தண்ணீர் கொண்டுபோக முடியாத சரிவுகளில் இதுவே யுத்தமுறை. புல்லின் தீ இப்படி ஒரு நாளில் அடங்கிவிடும். விழுந்து கிடந்த மரமும், பட்டுப்போன அடிக்கட்டையும், வேரும் அடங்குவதில்லை. அவை நாட்கணக்கில் உள்ளே கனிந்துகொண்டிருக்கும். மாடியிலிருந்து பார்ப்பவருக்குச் செங்கோடு மறைந்துவிட்டது. மலையிலோ புகை உற்பத்தி இப்போதுதான் மும்முரமாகியிருக்கிறது. நம் விநோதத்தின் பாதி இதில் அடங்கிவிட்டது.

மறுபாதி காற்றைச் சேர்ந்தது. பகலில் வெயில் பட்டுச் சூடேறிய மலைச்சரிவு தன்னை ஒட்டிய காற்றையும் சூடாக்க, அது இலேசாகிச் சரிவின் வழியே மேலேறுகிறது. நண்பகலுக்குமேல் தெற்கேயிருந்து கடற்காற்றும் வந்து சேர்ந்து, புகையை ஊரைவிட்டு மலைப்பக்கமாகவே தள்ளுகிறது. இந்த மேலேறு காற்று ஊருக்கு உபகாரி. மலைமேல் நிற்பவருக்கோ அதுவே யமன். சரிவில் கீழேயுள்ள தீ தனக்கு மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே வாட்டி வைத்துவிடுவதால், சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் ஓட்டம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் கணக்கு. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேற்றத்துக்குச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டுபோனது காய்ந்த புல் மூடிய அப்படிப்பட்ட செங்குத்துச் சரிவில்தான்.

சூரியன் விழுந்ததும் எல்லாம் திரும்புகிறது. மாசி பங்குனி இரவுகளில் ஆகாயம் பெரும்பாலும் மேகமற்றிருப்பதால், தரை தன் உஷ்ணத்தைத் தடையின்றி வானத்துக்குக் கதிர்வீசி இழந்துவிட்டு, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றையும் குளிர்விக்கிறது. வழக்கமாக உயரே போகப் போகக் காற்றின் சூடு குறையும். இப்போதோ தரையில் குளிர்ந்த காற்றும், நூறு இருநூறு மீட்டர் உயரத்தில் அதைவிடச் சூடான காற்றுமாக முறை மாறி நிற்கிறது. இதனை வெப்பத் தலைகீழடுக்கு என்று சொல்லலாம். கண்ணாடிக் கிண்ணத்தில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, அதன்மேல் எண்ணெய் ஊற்றித் திரியிட்டு ஏற்றும் விளக்கை எண்ணிப் பாருங்கள். கனமான தண்ணீர் அடியிலும் இலேசான எண்ணெய் மேலுமாக எவ்வளவு நேரமும் கலவாமல் நிற்கும்; அடியிலுள்ள தண்ணீரில் ஒரு துளி மையை விட்டால், அது தண்ணீருக்குள்ளேயே நாற்புறமும் பரவுமேயன்றி எண்ணெயைத் துளைத்துக்கொண்டு மேலே போகாது. விடியற்காலையில் நாம் அந்தத் தண்ணீரின் அடியில் இருக்கிறோம். குளிர்ந்து கனத்த காற்று மலைச்சரிவின் ஓடைகள் வழியே கீழே வழிந்து, கனன்றெரியும் கட்டைகளின் சூடற்ற, மேலெழ வலுவில்லாத புகையையும் கூட்டிக்கொண்டு வயற்புறங்களில் இறங்குகிறது; அந்த மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து மெல்ல வரும் காற்று அதனை நம் பக்கமாக நகர்த்தி விடுகிறது. வெயில் ஏறித் தரை சூடாகி அடுக்கு உடையும்வரை, அதாவது ஒன்பது பத்து மணிவரை, புகைக்குப் போக வழியில்லை. புகை அடர்த்தியாக இருந்தால் அதுவே வெயிலை மறைத்து, அடுக்கு உடைவதைத் தாமதப்படுத்தவும் செய்யும்.

மேலே சூடு, கீழே குளிர் என்பதை யார் ஏறிப் பார்த்தார்கள் என்று கேட்கலாம். பார்த்தது பலூன். திருவனந்தபுரத்து வானிலை நிலையத்தார் வெப்பமானியும் ஈரமானியும் சிறிய ரேடியோவும் கட்டிய வாயுப் பலூனை அதிகாலை வேளையில் மேலே விடுகிறார்கள். அது ஏற ஏறத் தான் உணர்ந்த உஷ்ணத்தைக் கீழே அறிவித்துக்கொண்டே போகிறது. உலகெங்கும் ஒரே நேரத்தில் விடவேண்டுமென்ற ஏற்பாட்டினால் நம் நாட்டுக்கு வாய்த்த நேரம் காலை ஐந்தரை மணியை ஒட்டியது. தலைகீழடுக்கு தடித்திருக்கும் நேரமும் அதுவேயாதலால், அது நமக்கு ஓர் அதிர்ஷ்டம்.

இனி, வந்த புகை என்ன செய்கிறது என்பது. இங்கே நம் மூக்கு ஒரு நம்பத்தகாத சாட்சி. புகையின் வாடை அதிலுள்ள சில வாயுக்களால் வருவது. குவையகோல் என்ற ஒரு பொருள், கருவாட்டையும் இறைச்சியையும் புகை போடும்போது மணம் தருவதும் அதுதான், காற்றில் இம்மியளவு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். கேடு செய்வதில் முதலிடம் நுண்துகளுக்கு. அவற்றை மூக்கால் அளக்க முடியாது. மேலும் மூக்கு கால் மணி நேரத்தில் ஒரு வாடைக்குப் பழகி, அதை அறிவிப்பதை நிறுத்திவிடும். புகை போய்விட்டதென்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நெடுந்தூரம் வந்த புகையில் வாடை தரும் வாயுக்கள் வழியிலே சிதைந்துவிட, துகள்கள் மட்டும் வந்து சேர்வதும் உண்டு. 2013 ஜூன் 21ஆம் தேதி சிங்கப்பூரில் காற்று மாசுக் குறியீடு 401 என்ற, அதுவரை காணாத அளவைத் தொட்டபோது, எரிந்தது சிங்கப்பூர் அல்ல. கடலுக்கு அப்பால் சுமத்ராவில், நூற்றாண்டுகளாக மட்கிக் கிடந்த கரிச் சதுப்பு கனன்றுகொண்டிருந்தது.

துகளின் அளவைச் சற்று மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமயிரின் தடிமன் ஐம்பது முதல் எழுபது மைக்ரான். காட்டுப் புகையின் துகள்களில் பெரும்பாலானவை அரை மைக்ரானுக்கும் குறைந்தவை. இதை அறிய ஆய்வுக்கூடம்கூட வேண்டியதில்லை, நிறமே சொல்லும்: ஒளியலையைவிடச் சிறிய துகள்கள் நீல ஒளியையே அதிகம் சிதறடிக்குமாதலால், கரிய மலையின் பின்னணியில் மெல்லிய புகை நீலமாகத் தெரிகிறது, துகள் பெரிதாகி, நீரும் சேர்ந்தால் வெளுத்துவிடும். இவ்வளவு சிறிய துகள் காற்றசைவில்லாத இடத்தில் ஓர் ஆள் உயரம் கீழே இறங்கவே நாட்கள் பிடிக்கும். ஆகையால் புகை தானே படிந்துவிடும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. காற்று அடித்துப் போக வேண்டும், அல்லது மழை பெய்ய வேண்டும். நாசி மயிரும் மூச்சுக்குழலின் சளிப்படலமும் பத்து மைக்ரான் துகளைப் பிடித்துத் துப்பச் செய்துவிடும். இரண்டரை மைக்ரானுக்குக் குறைந்தவை அந்தக் காவல்களைத் தாண்டி நுரையீரலின் கடைசி நுண்ணறைகள்வரை போகின்றன. அவற்றிலும் மிகச் சிறியவை இரத்தத்துக்குள்ளும் கசிகின்றன. இரைப்பு நோயாளிகளோடு இருதய நோயாளிகளும் புகை நாட்களில் அவதிப்படுவதன் காரணம் இது.

மூக்கு போதாதென்றால் கருவிகளை நம்பலாமா? நம்பலாம், நையாயிகர்கள் சொன்ன எச்சரிக்கைகளோடு. தீயைக் காண்பதற்குச் செயற்கைக்கோள்கள் புகையை நம்புவதே இல்லை. தரையும் மரமும் தம் சாதாரணச் சூட்டில் பத்து மைக்ரான் அளவுள்ள அகச்சிவப்பு அலைகளை மிகுதியாக வீசும். எரியும் தீயோ மூன்று நான்கு மைக்ரான் அலைகளில் ஒளிவிடும். அந்த அலைவரிசையில் பார்த்தால், ஒரு கிலோமீட்டர்ச் சதுரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு எரிந்தாலும் அந்தச் சதுரம் தனித்துத் தெரியும். டெர்ரா, அக்குவா என்ற செயற்கைக்கோள்கள் இப்படித்தான் பார்த்தன. பின்னர் 2011இல் ஏவப்பட்ட சுவோமி கோளின் கருவி 375 மீட்டர் சதுரம்வரை கூர்மையாகப் பார்க்கிறது. இவ்விவரங்களை வாங்கி, டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் அந்தந்த மாநில வனத்துறைக்கு எச்சரிக்கை அனுப்பிவருகிறது. ஆனால் ஒரு கோள் ஓரிடத்தின்மேல் ஒரு நாளில் ஓரிரு முறையே கடந்து போகும். இடைப்பட்ட மணிகளில் மூண்டு அடங்கிய புல்தீயும், மேகத்தின் அடியிலும் அடர்ந்த இலைக்கூரையின் அடியிலும் கனன்ற கட்டையும் அதன் பார்வைக்குத் தப்பும். தோவாளை வட்டாரத்துச் செங்கல் சூளையும் வெப்பந்தான். வன எல்லையை வரைபடத்தில் ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் அதுவும் காட்டுத்தீயாகிவிடும். எச்சரிக்கை வராததனால் தீ இல்லையென்றோ, வந்ததனால் காட்டில் தீ என்றோ நிச்சயித்துவிட முடியாது.

மூடுபனியைப் புகையென்று மயங்கும் பிழையை இன்று அப்படியே செய்வது, வீடுகளில் வாங்கி வைக்கும் விலை குறைந்த காற்றுமானி. அது துகளை எடை போடுவதில்லை. ஒளிக்கற்றையை வீசி, அது எவ்வளவு சிதறுகிறதென்று பார்த்துக் கணிக்கிறது. ஈரம் மிகுந்த விடியற்காலையில் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து அதிகமாக ஒளியைச் சிதறடிக்க, கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அரசு நிலையங்களில் வைக்கும் பெரிய கருவி துகளைச் சூடாக்கி உலர்த்தி, நாடாவில் படியவைத்து, அதன் வழியே பீட்டாக் கதிர் எவ்வளவு குறைகிறதென்று அளப்பதால் இந்தப் பிழை அதில் குறைவு. அதற்கு வேறொரு குறை உண்டு. அது கருவியின் குறையன்று, நாம் கணக்கைப் படிக்கும் முறையின் குறை. நம் நாட்டில் நுண்துகளுக்கு விதித்த எல்லை இருபத்துநான்கு மணிநேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் (உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்தது 15). விடியற்காலை மூன்று மணிநேரம் 200ஆக இருந்து, மீதி இருபத்தொரு மணிநேரமும் 20ஆக இருந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டால், சராசரி 43ஐத் தாண்டாது. பட்டியலில் அந்த நாள் திருப்திகரமான நாள். தொண்டை கமறியவனுக்கு அந்தத் திருப்தியில் பங்கில்லை.

ஊருக்குள் வரும் புகை எல்லாம் மலையிலிருந்து வருவதும் அன்று. வலம்புரிவிளை உரக்கிடங்கில் கோடைதோறும் என்று சொல்லுமளவுக்குத் தீப்பிடிப்பதை நாகர்கோவில்வாசிகள் அறிவார்கள். குப்பைமேட்டின் உட்புறத்தில் காற்றில்லாமல் மட்கும் பொருள்களிலிருந்து மீதேன் வாயு ஊறுகிறது. ஒருமுறை பற்றினால் தீ மேட்டின் ஆழத்துக்குப் போய், மேலே ஊற்றிய தண்ணீர் எட்டாத இடத்தில் கனன்றுகொண்டிருக்கும். 2023 மார்ச் 2ஆம் தேதி கொச்சியின் பிரம்மபுரத்தில் மூண்ட குப்பைத்தீ பத்து நாட்களுக்கு மேல் நகரத்தைப் புகையில் வைத்திருந்தது இவ்வாறே. புல்லும் சருகும் எரிந்த புகையிலில்லாத பொருள்கள் இதில் உண்டு. சில பிளாஸ்டிக் வகைகள் எரியும்போது உண்டாகும் அமில ஆவியும், குறைந்த சூட்டில் உருவாகும் டையாக்சின்களும் காட்டுப் புகையை இதன்முன் சாதுவாகக் காட்டிவிடும்.

இவ்வளவும் தெரிந்தவன் வீட்டில் செய்யக்கூடியது என்ன? முதலாவது, நேரத்தை அறிந்து நடப்பது. விடிந்ததும் கதவு ஜன்னல்களை விரியத் திறந்துவிடுவது நம்மவருக்கு நல்ல பழக்கம். மலை புகையும் நாட்களில் மட்டும் அதைத் தள்ளிவைத்து, கடற்காற்று எழுந்த பிறகு திறப்பது உத்தமம். அண்ணா விளையாட்டரங்கில் விடியுமுன்பே வேகநடை நடப்பவர்கள், சும்மா இருப்பதைவிட மூன்று நான்கு மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறார்கள் என்பதையும் கருத வேண்டும். கான்கிரீட் வீட்டில் ஜன்னலைச் சாத்தினால் ஓரளவு பலன் உண்டு. பழைய ஓட்டு வீட்டில் ஓட்டுக்கு ஓடு உள்ள இடுக்கெல்லாம் வாசல்தான். சாத்திய அறைக்குள் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி வைத்துக்கொண்டு மலைப்புகையைக் குறைசொல்வோரைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொள்வது சாம்பலுக்கு ஆகும், நுண்துகளுக்கு ஆகாது. துண்டின் நூலிடைவெளி துகளின் பருமனைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு. என்-95 முகக்கவசம் ஆகும். ஆனால் அது வேலை செய்யும் விதம் சல்லடையின் விதம் அன்று. பெரிய துகள் காற்றோடு வளைந்து திரும்ப முடியாமல் இழையில் நேரே மோதி ஒட்டிக்கொள்கிறது. மிகச் சிறிய துகளோ காற்றணுக்கள் இடித்துத் தள்ளுவதால் நிலைகொள்ளாமல் அங்குமிங்கும் அலைந்து, அலைச்சலிலேயே இழையில் மாட்டிக்கொள்கிறது. மோதவும் மாட்டாமல் அலையவும் மாட்டாமல் நடுவே தப்பப் பார்ப்பவை 0.3 மைக்ரான் அளவுள்ளவை. அவற்றையே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிடிக்க வேண்டுமென்பதுதான் அந்தப் பெயரிலுள்ள எண். இழைகளில் ஏற்றியிருக்கும் மின்னூட்டம் இதற்குத் துணை. சிக்கனம் கருதிச் சோப்புப்போட்டுத் துவைத்தால் அது போய்விடும், உருவம் மட்டும் எஞ்சும். தாடி வைத்தவர்களுக்கும், மூக்கின்மேல் கம்பியை அழுத்திக்கொள்ளாதவர்களுக்கும் கவசத்தின் ஓரமாகவே பாதிக் காற்று உள்ளே போகும். கார்பன் மோனாக்சைடை எந்தத் துணியும் பிடிக்காது. அதற்குத் தூரந்தான் மருந்து.

எந்த இரவில் எந்தச் சரிவு பற்றும் என்று முன்னறிந்து சொல்ல ஒருவராலும் இயலாது. காற்று எப்போது திசை மாறும் என்பதை மட்டும் ஏறக்குறையச் சொல்லலாம். சித்திரை கழிந்து தென்மேற்குக் காற்று கணவாய்க்குள் புகுந்து, முப்பந்தலின் காற்றாலைகள் ஓயாமல் சுழலத் தொடங்கும்போது, மலையின் நம் பக்கத்தில் சாரல் விழுந்து சருகு நனைந்துவிடும். மழைமறைவிலுள்ள கிழக்குச் சரிவுகளோ ஆனி ஆடியிலும் காய்ந்தே கிடக்கின்றன. அங்கே தீப்பிடித்தால் அதன் புகை இரவென்றும் பகலென்றும் பாராமல் காவல்கிணற்றுக்கும் பணகுடிக்கும் போகிறது. அந்தக் காற்றில் தலைகீழடுக்கு எதுவும் நிலைபெறாதாகையால், அண்டைவீட்டு மதிலை எட்டிப் பார்க்கும் சிரமம் அவ்வூரார்க்கு இல்லை. புகை எங்கிருந்து வருகிறதென்பது அவர்களுக்கு நேரே தெரியும்.